நல்லாத்தான் கீது

என் மனைவி சசிரேகாவை ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போய் மானத்தோடு திரும்பி வருவது லேசுப்பட்ட காரியமில்லை. போன தை மாதம் மாகறலில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து பார்க்கிறேன், என் பக்கத்து இலையில் ஆளைக் காணோம். எழுந்து போய்த் தேடினால், மண்டப வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்கு நடுவே பட்டுப்புடவையோடு குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஷூவாகத் திருப்பி அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து யாரம்மா நீ, என் ஷூவை ஏன் எடுக்கிறாய் என்று அதட்ட, இவள் பதிலுக்கு அவருடைய இடது முட்டி வலிக்குமே, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். செருப்புத் திருடி என்று பேர் வாங்காமல் அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததே பெரிய விஷயம்.

சசிரேகாவின் வேலை அப்படிப்பட்டது. ஓடுகிறவர்கள் போடும் ஷூவுக்கு சோல் வடிவமைக்கிறாள். சென்னையில் அதற்கென்றே டிப்ளமோ படித்தவள். கல்யாணமாகி உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்ததும், செங்கல்பட்டு சாலையில் இருக்கும் ஒரு சோல் கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது செருப்பு வேலை. நிலம் நீச்சு இருக்கிற குடும்பத்து மருமகள், போயும் போயும் இந்த வேலைக்கா என்று இழுப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இழுக்கிற அத்தனை பேர் காலிலும் ஷூ இருக்கும். என் அம்மா இன்னும் ஒரு படி மேல். மருமகளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அது பொய்யும் இல்லை, சசி நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் வரைகிறாள். வரைவது சோல் என்பதை மட்டும் அம்மா முழுங்கிவிடுவாள்.

சோல் என்றால் ஒரு ரப்பர் துண்டு, அதில் வரைய என்ன இருக்கிறது என்று நானும் ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். கேட்டது என் தலைவிதி. அன்றைக்குப் பிடித்துக்கொண்டவள் சாப்பிடக்கூட விடவில்லை. ஓடும்போது குதிகால் தரையில் விழுகிற ஒவ்வொரு முறையும் உடம்பு எடை இரண்டு மடங்கு, மூன்று மடங்காக இறங்குகிறதாம். நடுவில் பஞ்சு மாதிரி இருக்கிற ஃபோம் அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முட்டி வாங்கிக்கொள்ளும். சரி, அப்படியானால் ஃபோமை நன்றாக மெத்தென்று போட்டுவிட வேண்டியதுதானே என்றேன்.

"கழனியில சேத்து உழவு ஓட்டினப்பறம் அதுல எறங்கி ஓடிப் பாத்துகீறியா? மெத்துன்னுதான் இருக்கும். கணுக்கால் நிக்குமா?" என்றாள்.

அடியையும் வாங்க வேண்டும், காலும் ஆடக் கூடாது. மெத்தென்று போட்டால் கால் ஆடும், கெட்டியாகப் போட்டால் முட்டி நோகும். ஒன்றுக்கொன்று ஆகாத மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்துவது மாதிரியான வேலை. அதில் எனக்கு அனுபவம் உண்டு என்பதால் சட்டென்று புரிந்துவிட்டது.

இத்தனை வருஷமாக அவள் மற்றவர்கள் வரைந்ததைத் திருத்திக்கொண்டுதான் இருந்தாள். இந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு சோல் செய் என்று அவளிடம் கொடுத்தார்கள். செய்தால் மட்டும் போதாது. அது கடைக்குப் போக வேண்டுமானால் உலோகத்தில் அச்சு வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் திருத்த முடியாது, தப்பு இருந்தால் அந்தத் தப்போடுதான் ஆயிரக்கணக்கில் வந்து விழும். அதனால் அச்சுக்கு முன்னால் கையால் செய்த ஜோடிகளை நாலு பேர் காலில் போட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அதில் தேறினால் அச்சு. தன் சோலுக்கு ஒரு அச்சு வெட்டிவிட்டால் போதும் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டே சொன்னாள். சம்பள உயர்வுக்குக்கூட அப்படி நின்றதில்லை.

அவளுக்கு மேலே இருப்பவர் தேசிகன் என்கிற மேனேஜர். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கம்பெனியில் யாராக இருந்தாலும் ஒரு சோலைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்களாம். தேசிகனும் அமுக்கினார். சோலின் உள்பக்கம், அதாவது மற்றக் காலைப் பார்த்த பக்கம், கெட்டியாக இருக்கிறதே, கடையில் ஜனங்கள் அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள், கொஞ்சம் மெத்தென்று ஆக்கு என்றார். கால் உள்பக்கம் சாயாமல் பிடித்து நிறுத்துவதே அந்த இடம்தான் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். ஓடுவது கட்டைவிரலா, கால்தானே என்றும் கேட்டாளாம். கடைசியில் அரை மனதோடு உள்பக்கத்தை மெத்தென்று ஆக்கிவிட்டு, ஓடிப் பார்க்கிறவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஓடிப் பார்க்கிறவர்களை அவள் எங்கள் ஊரிலிருந்தே பிடித்தாள். உத்திரமேரூர் ஏரிக்கரையில் விடியற்காலையில் போலீஸ் தேர்வுக்காக ஒரு கூட்டமே ஓடும். அதில் என் அக்கா மகள் பிரபாவும் ஒருத்தி. அவர்களுக்கும், சுகருக்காக நடக்கிற இரண்டொருவருக்கும், எனக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி கிடைத்தது. தினமும் போட வேண்டும், ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் ஒரே கூத்து. வாங்கிப்போனவர்களெல்லாம் வழியில் பார்க்கும்போது ஷூ நல்லா கீது, சூப்பரா கீது என்றார்கள். சசி கம்பெனியில் போய்ச் சொன்னாள். தேசிகன் சந்தோஷப்பட்டு மாதம் முடிந்த மறுவாரமே அச்சுக்கு நாள் குறித்துவிட்டார். நான் ஒருத்தன்தான் கணுக்கால் பிசகுகிறது என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். நான் ஷூவின் பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்து நசுக்கி, செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன். வாசலுக்கு வாசல் கழற்றி மாட்டவேண்டிய ஊரில் யார் குனிந்து குனிந்து லேஸ் கட்டுவது? பின்பக்கம் பிடிக்காமல் ஷூ எப்படி நிற்கும் என்று அவள் போட்ட சத்தத்தில் மாடே மிரண்டது. என் சாட்சி அத்தோடு தள்ளுபடி.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஷூக்களைத் திரும்ப வாங்கக் கிளம்பினோம். முதலில் முத்துவேல் வீடு. ஓடுகிற பையன்களில் கெட்டிக்காரன் அவன்தான். பீரோவைத் திறந்து, அட்டைப்பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரைப் பிரித்து எடுத்து நீட்டினான். சோலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. புது ஷூ, ஏரிக்கரை மண்ணில் போட்டால் வீணாகிவிடும், அக்கா கல்யாணத்துக்குப் போடலாம் என்று வைத்திருக்கிறானாம். அப்புறம் எதை வைத்து நல்லா கீது என்று சொன்னாய் என்று கேட்டேன். பார்க்க நல்லாத்தானே கீது என்கிறான். வேறொரு வீட்டில் ஷூவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜையில் வைத்ததாம், அதற்கப்புறம் காலில் போட மனசு வரவில்லையாம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சசியின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. சுகர்க்காரர்களும் கோயிலுக்குப் போகும்போது மட்டும் போட்டிருக்கிறார்கள், அதுவும் கோயில் வாசல் வரைக்கும்.

உண்மையில் போட்டு ஓடினவள் பிரபா ஒருத்திதான். அவள் ஷூவில் செம்மண் அப்பிக் கிடந்தது. சசிக்கு உயிர் வந்தது. எப்படி கீதுடி என்று ஆவலாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் கீது அத்த" என்றாள் பிரபா.

சசி பூரித்துப்போனாள். நிஜமாகவே போட்டவளே நல்லா இருக்கு என்கிறாள், அது போதும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கோ அந்தப் பதில் நெருடிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லாதபோது நானே அப்படித்தான் சொல்வேன். நன்றாக இருந்தால் நல்லா கீது. நல்லாத்தான் கீது என்றால் அந்தத் 'தான்' பின்னாலேயே ஒரு 'ஆனா' வந்து தொண்டையில் நிற்கிறது என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது வராதே. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது சொல்லிவிட்டேன்.

"அவ 'தான்' போட்டாடி."

சசி வண்டியிலிருந்து இறங்கவில்லை. பின் சீட்டில் இருந்தபடியே வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

அக்கா வீட்டு வாசலிலேயே பிரபாவை அந்த ஷூவை மாட்டச் சொல்லி, தெருக்கோடி வரை ஓடவிட்டு, பின்னால் நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. ஷூவைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால், சோலின் உள்பக்கம் மட்டும் நசுங்கி மடிப்பு மடிப்பாக இருந்தது. தேசிகனின் கட்டைவிரலுக்காக மெத்தென்று ஆக்கின அதே இடம்.

"எவ்ளோ நாளா முட்டி வலிக்குது?"

"கொஞ்சம்தான் அத்த."

"எவ்ளோன்னு கேக்கல. எவ்ளோ நாளான்னு கேட்டேன்."

பிரபா என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். "ரெண்டாவது வாரத்துலேர்ந்து" என்றாள்.

"ஏண்டி சொல்லல?"

"நீ மொத மொதல்ல செஞ்சது. ஊரே நல்லா கீதுன்னு சொல்லிக்கினு கீது. நான் ஒருத்தி எப்படி அத்த நொட்ட சொல்றது?"

சசிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் சோலைக் காப்பாற்ற உன் முட்டியைக் கொடுத்தாயா, போலீஸில் சேரவேண்டியவள்தானே நீ என்று திட்டிக்கொண்டே அந்த முட்டியைத் தடவிக்கொடுத்தாள். அங்கேயே நின்று தேசிகனுக்குப் போன் போட்டாள். அச்சு வெட்ட வேண்டாம் என்றாள். அவர் கொதித்துப்போயிருப்பார் போலிருக்கிறது, போனுக்கு வெளியே குரல் கேட்டது. எல்லோரும் நல்லா இருக்கு என்றுதானே சொன்னார்கள், இந்த வாரத்தை விட்டால் அச்சு வேறு ஒருவருடைய சோலுக்குப் போய்விடும், அடுத்த சீசனில் உனக்குக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"சார், எங்க ஊர்ல நல்லா இருக்குன்னு சொன்னா, உங்க மனசு நோகக் கூடாதுன்னு அர்த்தம். ஷூ நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அச்சு போய்விட்டது. யாரோ ஒருத்தருடைய பழைய சோலுக்கு வெட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முத்துவேல் எதிரில் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இலவசமாகக் கொடுத்ததில் குறை சொன்னால் பாவம் என்று இந்த ஜனங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ரேஷன் அரிசியில் மட்டும் அவ்வளவு குறை கண்டுபிடிக்கிறார்களே.

டாக்டர் பிரபாவை ஓடாமல் இருக்கச் சொன்னார். நல்லவேளை, அவள் தேர்வுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. அதற்குள் சசி விடுமுறை நாளிலும் கம்பெனிக்குப் போய், உள்பக்கத்தில் கெட்டி ஃபோமை வைத்து ஒட்டி, புது ஜோடி செய்துகொண்டு வந்தாள். பிரபா மறுபடி ஓட ஆரம்பித்ததும் அதைக் கொடுத்தாள். இந்த முறை எப்படி கீது என்று கேட்கவே இல்லை. என்ன குறை என்று சொல், குறை இல்லாமல் என் வீட்டு வாசப்படி ஏறாதே என்றாள். பாவம், பிரபா முதல் நாள் நெளிந்தாள். சுண்டுவிரல் பக்கம் லேசாக உரசுகிற மாதிரி இருக்கிறது என்று ஏதோ குற்றம் செய்தவள் போலச் சொன்னாள். சசி அதைத் திருத்திக்கொண்டு வந்தாள். பிறகு கெட்டி அதிகமாகி முட்டியில் இடிக்கிறது என்றாள் பிரபா. அதையும் திருத்தினாள். போகப்போக பிரபாவுக்கு வாய் நீண்டுவிட்டது. லேஸ் சரியில்லை, நிறம் கேவலமாக இருக்கிறது, இதைப் போட்டால் பையன்கள் சிரிக்கிறார்கள் என்று என்னையே மிஞ்சிவிட்டாள். ஒவ்வொரு குறைக்கும் சசியின் முகம் மலர்ந்தது. பதினைந்து வருஷமாக நான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை.

போன வாரம் காலையில் மூன்று பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். பிரபா மதகு வரைக்கும் ஓடித் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முட்டியைத் தேய்க்கவில்லை. சசி பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லு என்றாள்.

பிரபா யோசித்தாள். காலை நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள்.

"நல்லா கீது" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் பின்னால் அந்த 'ஆனா' வருகிறதா என்று காத்திருந்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. நல்லாவா, நல்லாத்தானா, ஒழுங்காகச் சொல் என்று அதட்டினேன்.

"நல்லா கீது மாமா. வலி இல்ல."

சசி ஷூவைக் கழற்றித் திருப்பி, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மடிப்பு இல்லை. எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பினாள். அப்படியே தேசிகனுக்குப் போன் போட்டாள். அவர் இந்த முறை உஷாராகிவிட்டார். மொத்தம் எத்தனை பேர் போட்டுப் பார்த்தார்கள், எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒருத்திதான் சார் போட்டா" என்றாள் சசி. "அவ சொல்லிட்டா. அச்சு வெட்டலாம்."