கரியாலூர் ஊற்றும் மூன்றாம் எண் துளையும்

கரியாலூருக்கு நான் அருவி பார்க்கப் போகவில்லை. நாற்பது பக்கத் தமிழ் அறிக்கையின் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கடந்த நவம்பரில், மூன்று நாள். (அருவியும் பார்த்தேன், விவரம் கீழே.)

கல்வராயன் மலையில் அணு உலைக்கான கனிமம் இருக்கிறதா என்று நான்கு இடங்களில் துளையிட்டுப் பார்க்க ஒரு திட்டம். மூல அறிக்கை ஆங்கிலத்தில். மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் சனிக்கிழமை, கள்ளக்குறிச்சியில். மலைவாழ் மக்கள் அதற்குத் தயாராகப் போவதற்காக ஒரு சிறிய நிதி கிடைத்திருந்தது. மொழிபெயர்ப்பு, சுயேச்சையான ஒரு நிபுணர், போக்குவரத்து, வேலை கெடும் நாளுக்குக் கூலி என்று எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் செலவு. மொழிபெயர்ப்பாளர் நான். கனடாவில் அணுசக்தியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பே பழங்குடியினருக்கும் பொதுமக்களுக்கும் இப்படி நிதி தருகிறது என்று படித்ததிலிருந்து, நம் பக்கம் அது எப்படி நடக்கும் என்று பார்க்க எனக்குத் தீராத ஆசை.

வியாழன் காலை 6.10க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். 245 ரூபாய். 11.30க்குக் கள்ளக்குறிச்சி. அங்கே திருக்கோவிலூரிலிருந்து வந்த தணிகாசலம் சேர்ந்துகொண்டார். நிலத்தடி நீர் ஆய்வில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர்தான் அந்த நிபுணர். இருவருமாக ஒரு ஜீப் பிடித்தோம். கரியாலூர் வரை 39 கி.மீ., 1,800 ரூபாய்.

வடக்கனந்தல் தாண்டியதும் டிரைவர் முருகேசன் கேட்டார். “மலையில அணுகுண்டு செய்யப் போறாங்களாமே சார், மெய்யா?”

“குண்டு இல்லப்பா. மண்ணுக்குள்ள இன்னா கீதுன்னு துளை போட்டுப் பாக்கப் போறாங்க” என்றார் தணிகாசலம்.

“அதால எதுனா ஆவுமா?”

“அது இன்னும் தெரியல. தெரிஞ்சிக்கத்தான் போய்க்கினு இருக்கோம்.”

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, அனுபவித்தேன்.

மாலை நான்கு மணிக்கு ஊர்க் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அறிக்கையை உரக்கப் படித்தவர் அலமேலு. ஐம்பதை நெருங்குகிறவர், சாமையும் மரவள்ளியும் போடுகிறார். எட்டாவது வரை படித்தவர் என்பதால் ஊருக்கு வரும் காகிதமெல்லாம் அவரிடம்தான் போகும். பதினேழாம் பக்கத்தில் அவர் குரல் நின்றது. திரும்ப அந்த வரியை மெதுவாகப் படித்தார்: மூன்றாம் எண் துளையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் ஆண்டு முழுவதும் ஓடும் நீர் ஆதாரம் ஏதும் இல்லை.

“மூணாம் நம்பரு எங்க வருதுங்க?”

தணிகாசலம் வரைபடத்தில் விரல் வைத்தார். “கடுக்கா மரங்க நிக்குதே, அந்தச் சரிவு.”

“அதுக்குக் கீழதான எங்க ஊத்து கீது” என்றார் அலமேலு. “இல்லன்னு போட்டா, நாங்க இன்னாத்த குடிக்கிறோம்?”

எனக்கு முகம் சூடேறியது. அந்த வரியைத் தமிழாக்கியது நான். சென்னையில் மேஜையில் உட்கார்ந்து, ‘நீர் ஆதாரம்’ நன்றாக இருக்கிறதா, ‘நீர்நிலை’ நன்றாக இருக்கிறதா என்று யோசித்தேனே தவிர, அது உண்மையா என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

வெள்ளி காலை ஏழு மணிக்கு அலமேலு வழிகாட்ட, சரிவுக்கு நடந்தோம். ஊரிலிருந்து 2.3 கி.மீ., ஐம்பது நிமிடம். மூன்றாம் எண் துளைக்கு அடையாளமாகச் சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சி அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே புதர்களை விலக்கினால் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர். அவ்வளவு குளிர்ச்சி, கை மரத்துப்போனது. டேப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முளைக்குச்சியிலிருந்து ஊற்றுக்கு 140 மீட்டர். பன்னிரண்டு லிட்டர் பக்கெட் 41 விநாடியில் நிறைந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தணிகாசலம் சிரிக்கவில்லை.

“இது மழைக் காலம். கோடையில வத்திடும்னு சொல்வாங்க” என்றார்.

“சித்திரையிலயும் ஓடும் சார். கம்மியா ஓடும், நிக்காது. பத்தொம்பது வூடு இதத்தான் குடிக்குது” என்றார் அலமேலு.

“நான் நம்பறேங்க. ஆனா நான் பாக்காதத எழுத முடியாது.”

அலமேலு இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். “போன சித்திரத் திருவிழாக்கு ஆட்டக் குளிப்பாட்டறப்ப போட்டோ புட்ச்சியே, அத அழிச்சிட்டியா, வெச்சிக்கினு கீறியா?”

மகள் வைத்திருந்தார், உடனே போனுக்கு அனுப்பினார். ஆடுகள், பாறை, பாறையிலிருந்து கொட்டும் நீர். படத்தோடு ஏப்ரல் மாதத் தேதியும் இருந்தது. தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இது போதும்” என்றார்.

சனிக்கிழமை ஏழரைக்கு ஒரு வேனில் இருபத்திரண்டு பேர் இறங்கினோம். பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். அலமேலுவின் பெயரை 12.20க்கு அழைத்தார்கள். மைக் முன்னால் நின்று கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தார். அதை மடித்துவிட்டார்.

“பதினேழாம் பக்கத்துல தண்ணி இல்லன்னு போட்டுக்கீதுங்க. நாங்க அளந்தோம். நூத்தி நாப்பது மீட்டருல கீது. அத எழுதன சாரு வந்து பாத்தாராங்க?”

தலைமை வகித்த அதிகாரி திட்டத் தரப்புப் பொறியாளரைப் பார்த்தார். அவர் எழுந்தார். மழுப்பவில்லை, அதற்காக அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. “வரைபடத்த வெச்சிதான் குறிச்சோம். அந்தப் பள்ளத்துல நாங்க இறங்கல.”

தணிகாசலத்தின் அளவுகளும் புகைப்படமும் பதிவில் சேர்ந்தன. இரு தரப்பும் கூட்டாக இடத்தைப் பார்க்கும்வரை மூன்றாம் எண் துளைக்கு அனுமதி இல்லை என்று அதிகாரி சொல்லி எழுதவைத்தார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் அலமேலு, “நான் கேட்டதுக்கு அவுரு எழுந்து நின்னு பதில் சொன்னாரு பாத்தீங்களாம்மா?” என்றார். மலை ஏறும்வரை வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். வழியில் பெரியார் அருவியில் நிறுத்தி, போட்டிருந்த துணியோடு நின்றோம்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பொறியாளரே அலமேலுவோடு ஊற்றுக்கு இறங்கிப் பார்த்தார். முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டார்கள். மற்ற மூன்று துளைகள் பற்றி இன்னும் முடிவு வரவில்லை.

போகிறவர்களுக்கு: அருவியில் தண்ணீர் வேண்டுமென்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர். கரியாலூரில் அறை 900 ரூபாய், முன்பதிவு அவசியம். பணத்தைக் கள்ளக்குறிச்சியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: அறிக்கையை ஊரில் உரக்கப் படியுங்கள், நிபுணரை நடக்கவையுங்கள். நிதி கேட்கும்போது அந்த நடைக்கு ஒரு நாளைச் சேர்த்தே கேளுங்கள். நாங்கள் சேர்த்திருக்காவிட்டால் அந்த 140 மீட்டர் யாருக்கும் தெரிந்திருக்காது.

போன வாரம் கரியாலூரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. துளை போடுவதற்கு முன்பே மலையின் எல்லா ஊற்றுகளிலும் தண்ணீரையும் கதிரியக்கத்தையும் அளந்துவைக்க வேண்டும், அதற்கு நிதி வேண்டும் என்று அவர்களே எழுதிய விண்ணப்பம். பதினோரு வரி, பென்சிலில், அலமேலுவின் கையெழுத்து. இந்தமுறை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் வேலை. ஒவ்வொரு வரிக்கும் அவருக்குப் போன் போட்டு, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.