மச்சான் பட்டியலில் பதினொரு பேர்

பெயர், முகவரி எல்லாம் பதிந்து வைக்கிற மச்சானின் ஆர்கனைசர் சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை, கீழே கடுகு கடுகாகப் பட்டன்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்தபடி அதையும் வேன் சாவியையும் என் கையில் வைத்தார். மறுநாள் விடிந்ததும் அவருக்கு இதய அறுவை சிகிச்சை. "ஆளுங்க எல்லாம் இதுல இருக்காங்க மாப்ள. ஏழு மணிக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடு," என்றார். அவ்வளவு பேசியதிலேயே களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை பேர் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இருபது வருடம் லோரி ஓட்டிவிட்டு, பிறகு கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நோயாளிகளை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். திங்கள், புதன், வெள்ளி. காலை முதல் ஷிப்ட். ஏழு மணி இயந்திரத்தைத் தவறவிட்டால் அன்று வேறு இடம் கிடைப்பது கடினம். உடம்பில் தண்ணீர் ஏறி, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், அடுத்த முறை வரை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. ஆர்கனைசரைத் திறந்தால் பேட்டரி அடையாளம் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி செத்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். உடனே பேட்டரியை மாற்றலாமே என்று தோன்றியது. கழற்றுகிற அந்த நொடியிலேயே எல்லாம் போய்விட்டால் என்றும் தோன்றியது. இப்படி இரண்டு பக்கமும் தோன்றுகிற மூளை எனக்கு.

கணினிக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, கேபிள் தேடிக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வரை போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத இன்னும் வெச்சிருக்கீங்களா பாஸ்?" என்று கேட்டுவிட்டு, தூசி தட்டி ஒரு கேபிளை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இணைத்ததும் கணினி வரிசையாகக் கேள்வி கேட்டது. நிதானமாகப் படிக்கிற நிலையில் நான் இல்லை. கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று அமுக்கினேன். திரையில் நீலக் கோடு அங்குலம் அங்குலமாக நகர, நான் மின்விசிறியை மூன்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்கண்ணன் அங்க சும்மா படுத்திருக்காரு. நீங்க இங்க வேர்த்துக் கொட்டுறீங்க. ஆபரேஷன் யாருக்குங்க?" என்றாள் மனைவி.

கோடு முடிந்த சற்று நேரத்தில் ஆர்கனைசர் அணைந்தது. நான் வீரன் போல அச்சில் ஒரு பிரதி எடுத்தேன். பெயர், முகவரி, ஆங்கில அகர வரிசையில் பதினொரு பேர். வேனில் உட்கார எட்டுப் பேருக்குத்தான் இடம். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், இரண்டு நடையாகப் போவதற்குத் திட்டம் போட்டேன்.

மறுநாள் ஐந்தரைக்கு, பட்டியலின் முதல் பெயருக்காகக் காப்பாரில் ஒரு வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். விளக்கு எரிந்தது. நைட்டியின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓர் அம்மாள் கேட்டருகே வந்தார்.

"டயாலிசிஸ் வேன், ஆன்டி. அங்கிள் ரெடியா?"

அவர் என்னையும் வேனையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவரு செத்து எட்டு மாசம் ஆச்சு தம்பி."

நல்ல மனிதன் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பான். நான் காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பேப்பர்ல இருக்காரே ஆன்டி," என்றேன். இன்றைக்கும் பல் துலக்கும்போது அந்த வாக்கியம் திடீரென்று ஞாபகம் வந்தால் கண்ணாடியைப் பார்க்க முடிவதில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற தெம்பு இல்லாதவர் போல இருந்தார். காகிதத்தை வாங்கினார். உள்ளே போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, என் பேனாவாலேயே ஒவ்வொரு பெயராக அடித்தார். "இந்த அம்மா தீபாவளி வாரம். இவரு இவங்களுக்கு முன்னாடியே. இந்தப் பையன் பாவம், முப்பது வயசுகூட ஆவல." தன் கணவரின் பெயரை முதலில் அல்ல, கடைசியில் அடித்தார். ஐந்து பெயர் போக மிச்சம் ஆறு பேர். அதில் முதல் பெயர் காப்பாரில், இரண்டாவது கிள்ளானில், மூன்றாவது மறுபடி காப்பாரில். என் வரிசைப்படி போயிருந்தால் எட்டரைக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். நான்கு வருடம் கணவருக்குத் துணையாக அதே வேனில் போய்வந்தவருக்கு அது பார்த்ததும் புரிந்துவிட்டது. "இருங்க," என்று உள்ளே போனவர் சேலை மாற்றி, கைப்பையோடு வந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். "லெப்ட்ல எடுங்க. பாலம் தாண்டி ரெண்டாவது சந்து."

ஒவ்வொரு வாசலிலும் அவரைப் பார்த்து ஆட்கள் திகைத்தார்கள். ஒரு பெரியவர் ஏறும்போதே, "என்னம்மா, நீங்களும் எங்க கூட்டத்துல சேந்துட்டீங்களா?" என்றார். "டிரைவருக்கு வழி தெரியல லா," என்றார் ஆன்டி. நான் அந்தப் பெரியவரின் இடது கையைப் பிடித்து ஏற்றப் போக, "ஊசி போடுற கை அது, விடுங்க," என்று ஆன்டி அதட்டினார். ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் ஆறு பேரும் மையத்துக்குள் இருந்தார்கள். ஆன்டி மட்டும் வேனைவிட்டு இறங்கவில்லை. அந்த மருந்து வாசனை தனக்கு வேண்டாம் என்றார். காப்பாரில் கொண்டுவந்து விட்டபோது, "புதன்கிழமை சீக்கிரம் வாங்க. இன்னிக்கி லேட்டு," என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

நான்கு நாள் கழித்து, கண் விழித்து உட்கார்ந்திருந்த மச்சானிடம் இதைச் சொன்னேன். "சிரிக்க வைக்காத மாப்ள, தையல் பிரியும்," என்று நெஞ்சில் தலையணையை அழுத்திக்கொண்டார். இறந்தவர்களை அவர் தனிப் பிரிவில் வைத்திருந்தாராம். கணினி எல்லாப் பிரிவையும் ஒன்றாகக் கொட்டிவிட்டது. நான்தான் 'சரி' சொல்லியிருக்கிறேன். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். "தீபாவளிக்குப் பலகாரம் குடுக்கணும்ல. அட்ரஸ் வேணாமா?" என்றார், இதென்ன கேள்வி என்பது போல.

மச்சானும் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது திங்கள்கிழமைகளில் அந்த வேனை நான் ஓட்டுகிறேன். பட்டியல் கைப்பேசியில் வருகிறது, வழியோடு, வரிசையோடு. ஒருவர் இறந்தால் அடுத்த நடைக்குள் பெயர் காணாமல் போயிருக்கும். ஏமாந்து யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வழியே இல்லை. வேலை சுலபம்தான். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் முன்னைவிட அலுப்பாக இருக்கிறது.

மச்சானுக்காக அந்த முறை மூன்று மாதம் ஓட்டினேன். வழி இரண்டாவது வாரமே மனப்பாடம். அதை ஆன்டியிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வாசலில் ஹாரன் அடிப்பேன், அவர் வந்து ஏறிக்கொண்டு "லெப்ட்" என்பார். மச்சான் குணமாகி வேனை எடுத்த முதல் நாள், அவருடைய நெஞ்சை நம்பாமல் நானும் கூடப் போய் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அன்று காலை ஆன்டியைப் பற்றி இருவருமே பேசவில்லை. இனி எதற்கு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பார் வந்ததும் மச்சான் வேகத்தைக் குறைத்தார். ஆன்டி வீட்டுச் சந்தில் திரும்பி, ஹாரனை ஒருமுறை தட்டினார். கேட்டருகே ஆன்டி கைப்பையோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

நான் இறங்கிப் பின் இருக்கைக்கு மாறிக்கொண்டேன்.