நல்ல தண்ணீர் ஏன் மேலே நிற்கிறது

எனக்கு மூளை யார் வழியாக வந்தது என்பதில் எங்கள் சொந்தக்காரர்களுக்குள் இன்றைக்கும் ஒரு வழக்கு முடியாமல் கிடக்கிறது. அத்தை, தபாலாபீசில் வேலை பார்த்த தன் பெரியப்பாவைச் சொல்லுவாள். பெரிய மாமாவோ, எட்டயபுரத்தில் ஊருக்கெல்லாம் ஜாதகம் கணித்த ஏதோ ஒரு பாட்டனாரைத் தோண்டி எடுத்துக்கொண்டு வருவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவையும், மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரிய அம்மாவையும் அந்தப் போட்டியில் யாரும் சேர்த்ததே இல்லை. வெட்கக்கேடு என்னவென்றால், ரொம்ப நாள் நானும் சேர்க்கவில்லை.

அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. விடியுமுன்னே அளத்துக்குப் போய் வெயில் ஏறியபின் திரும்புவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கி வைப்பதற்குள் ஒரு கேள்வியோடு நிற்பாள். உப்புப் பாத்தித் தண்ணீர் வெயிலில் வற்றி முற்ற முற்ற ஏன் சிவக்கிறது? கப்பல் தூரத்தில் வரும்போது மேல்பாகம் மட்டும் முதலில் தெரிவானேன்? எனக்குத் தெரியாது என்றால், "சாருகிட்ட கேட்டுட்டு வா" என்பாள். நானும் மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, ராத்திரி முழுக்க நானே யோசித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். சார் சொல்லும் பதிலை வீட்டில் ஒப்பிப்பேன். வகுப்பில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயர் வெல்லம் போல இனித்தது, ஐயோ, எப்படி இனித்தது!

ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஆவணியில் எதிர்பாராத மழை ஒன்று பெய்தது. அம்மா நனைந்து வந்தாள். தலையைத் துவட்டும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏளா, மழை பெஞ்சா நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல தனியா நிக்குது. நாங்க வரப்பை மேலாக்க வெட்டி அதை மட்டும் வடிச்சி விட்டுருதோம். அது ஏன் கீழ போவ மாட்டேங்குது?"

மறுநாள் இதைக் கேட்டதும் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அடர்த்தி என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி விளக்கினார். தூத்துக்குடியில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து இதையே கொண்டு போகலாம், நானே போகலாம் என்றும் சொன்னார்.

அம்மா அளத்திலிருந்து ஒரு பாட்டிலில் முற்றின உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். கண்ணாடிச் சாடியில் அதை ஊற்றி, சொட்டு நீலம் கலந்த குடிதண்ணீரை ஒரு கரண்டியின் முதுகு வழியாக மேலே மெல்ல இறக்க வேண்டும். நான் அவசரப்பட்டு நாலு தரம் கலக்கிவிட்டேன். ஐந்தாம் தரம் நீலம் தனியாக மேலே நின்றது. அம்மா சாடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "கண்காட்சிக்கு நாங்களும் வரலாமா?" என்று கேட்டாள். "வரலாம்" என்றேன். அவள் வரக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கண்காட்சி அன்று நடுவராக ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். சாடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த யோசனை யார் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"நானேதான் யோசிச்சேன் சார்."

சொல்லி நிமிர்ந்தால், அவருக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள். அளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த அப்பாவின் பழைய சட்டையைக்கூடக் கழற்றவில்லை. காலில் உப்பு பூத்திருந்தது.

பேராசிரியர் விடவில்லை. "அளத்துல இந்தத் தண்ணி எவ்வளவு நேரம் இப்படி ரெண்டா நிக்கும்?" என்றார். சார் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை.

"காத்து எந்திரிக்க வரைக்குந்தான் சார்," என்றாள் அம்மா. "காத்து அடிச்சா கலங்கிரும். அதுக்குள்ள வடிச்சிரணும்."

அவர் திரும்பினார். "சரியாச் சொன்னீங்க. நீங்க இந்தப் பிள்ளைக்கு அம்மாவா?"

ஆமாம் என்றால் என் பொய் அங்கேயே அம்பலமாகிவிடும். பரிசு போகும், கெட்டிக்காரி என்ற பெயரும் போகும்.

"சும்மா பாக்க வந்தேன் சார்," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அம்மா அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பையன் அட்டைக் குழாய்க்குள் இரண்டு கண்ணாடி வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனை அம்மா லேசில் விடவில்லை. அப்புறம் ஒரு மேஜை பாக்கியில்லாமல் நின்று நின்று பார்த்தாள். என் பக்கம் வரவே இல்லை.

எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மினிபஸ்ஸில் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறக்கும்போது அவளே திரும்பினாள்.

"ஏளா, அந்தப் பய கண்ணாடியை ஏன் சரிச்சு வச்சிருக்கான்? நேரா வச்சா என்ன?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"இதுக்கு என்னத்துக்கு அழுத? தெரியலைன்னா சாருகிட்ட கேளு."

நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவின் கேள்வி எதையும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. இனித் திருடக்கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டம் அது. கொஞ்ச நாளில் அம்மாவும் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது நான் இயற்பியல் டீச்சர். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லி, மகளுக்காகத் தன்னை மறைத்துக்கொண்ட தாய் என்று முடிப்பேன். போன மாதம் அத்தை எங்கள் வீட்டில் தபாலாபீஸ் பெரியப்பாவை மறுபடி இழுத்தபோது, பொறுக்க முடியாமல் அங்கேயும் இதைச் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒன்னக் காப்பாத்தவா? நல்லாருக்கு கதை! ஒன்னோடது நான் தெனம் பாக்குத தண்ணிதான. மத்ததை எல்லாம் பாக்கத்தான் அளத்துக் கணக்கப்பிள்ளைகிட்ட கெஞ்சிட்டு ஓடி வந்தேன்." பிறகு இறாலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தக் கண்ணாடி விஷயத்தை நீ கேட்டு வந்து சொல்லவே இல்லையேளா."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வயதில் நான் நல்லவளாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அம்மா பள்ளிக்கூடம் போய் வந்த ஒரே வழியை அடைத்திருக்கிறேன். அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

எழுந்து போய் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றினேன். கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். அம்மா இறால் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவசரமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கிறுக்கு யார் வழியா வந்துச்சோ!" என்றாள் அத்தை.

அதில் மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.