என் தொண்டை, அவன் மார்க்கு

சத்தம் போட்டு வாசித்தால்தான் எனக்குப் பாடம் ஏறும். இராஜாக்கமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன், வகுப்பில் முதலாவதாகவும் வந்தேன். நாகர்கோவிலில் இன்டர்மீடியட் முதல் வருஷம் சேர்ந்தபோது எல்லாமே இங்கிலீஷ். சரித்திர வாத்தியார் ஒரு மணி நேரம் பேசினால் எனக்கு ராஜாக்கள் பேர் மட்டும் விளங்கும். மற்றவர்களைப் போல லைப்ரரியில் வாய் மூடிப் படித்துப் பார்த்தேன். கண் ஓடியது, எழுந்து வரும்போது மண்டையில் ஒரு வரி மிச்சமில்லை. தோற்றால் மண்வெட்டி காத்துக் கிடக்கிறது என்று சொல்லித்தான் அப்பா பஸ் ஏற்றியிருந்தார்.

கோட்டாற்றில் ஒரு அரிசிக் கடை மாடியில் அறை. கூட இருந்தவன் தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரி மகன், என் வகுப்புதான். விடிந்ததும் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தொண்டை கிழிய வாசிப்பேன். அவன் பாயில் மல்லாந்து, கண்ணை மூடிக் கிடப்பான். நான் ஒரு பாடத்தை மூன்று தரம் உருப்போட்டு முடிக்கும்போது எழுந்து, சோம்பல் முறித்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போவான். அவனுடைய சரித்திரப் புத்தகம் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் பெட்டிக்குள் கிடந்தது.

முதல் பரீட்சையில் அவன்தான் முதல். நான் ஏழாவது. வாத்தியார் அவன் பேப்பரைத் தூக்கிக் காட்டி, எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. அந்தப் படுபாவி எதிரே உட்கார்ந்து இரண்டாம் தரமும் மீன்குழம்பு கேட்டு வாங்கினான். தூங்குகிறவனுக்கு மார்க்கு, கத்துகிறவனுக்குத் தொண்டைக் கட்டா? சுக்கும் மிளகும் மென்று மென்று என் நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

மாசி அறுப்புக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது மாடிப்படியிலேயே நின்றான்.

"வந்தியா மக்கா? நீ இல்லாம எனக்குப் படிப்பே ஓடல்ல. உனக்க சத்தத்தைக் கேட்டுல்லா நான் படிக்கேன்."

சின்ன வயதில் ஓத்துப்பள்ளியில் குர்ஆனைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவனாம். புத்தகத்தைப் பார்த்தால் கண் சொருகுமாம். யாராவது வாசிக்கக் கேட்டால் ஒரே தரத்தில் பதிந்துவிடுமாம். ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாம் சொன்னான். நான் சிரித்து வைத்தேன். உள்ளே கொதித்தது. தொண்டை என்னுடையது, மார்க்கு அவனுக்கா?

வாசிப்பை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால் எனக்கே ஏறாது. அதனால் ஒரு காரியம் செய்தேன். ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த யுத்தம் முப்பது பக்கம். வகுப்பில் வாத்தியார் அவசரமாக ஓட்டிவிட்ட பாடம். அதை மட்டும் சத்தமாக வாசிக்காமல் தாண்டி, அடுத்த பாடத்துக்குப் போனேன். பாயில் கிடந்தவன் அசையவில்லை. அந்த முப்பது பக்கத்தை லைப்ரரியில் உட்கார்ந்து நான்கு நாள் வாய் மூடிப் படித்தேன். இந்தத் தரம் அவனை முந்திவிடுவேன் என்ற குஷியில், கண்ணால் படித்தது எனக்கு ஒருநாளும் நின்றதில்லை என்பதை மறந்துபோனேன்.

வருஷப் பரீட்சையில் முதல் கேள்வியே அந்த யுத்தம்தான். கட்டாயம் எழுத வேண்டிய கேள்வி. புத்தகத்தின் பக்கம் கண்முன் வந்தது, அதில் இருந்த மைக்கறைகூட வந்தது. வார்த்தை வரவில்லை. மூன்று வரிசை தள்ளி அவன் எழுதாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதும் ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். பிறகு அந்த யுத்தத்தையே நினைத்து நினைத்து, தெரிந்த கேள்விகளையும் குளறி வைத்தேன்.

வெளியே வந்ததும் தேடி வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அந்தப் பாடத்தை நீ வாசிக்கல்லன்னு எனக்குத் தெரியும் மக்கா. நீயே விட்டா வேண்டாத பாடமாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்" என்றான். "பாவம், நீயும் எழுதல்லியா?"

எழுதவில்லை என்றேன்.

மற்றக் கேள்விகளை எழுதி அவன் தப்பிவிட்டான், நான் தோற்றேன். அப்பா ஏசவில்லை, மண்வெட்டியை எடுத்துக் கையில் தந்தார்.

கல்லூரி திறந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ் பிடித்து எங்கள் வயலுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பொதி கருவாடு, கக்கத்தில் இரண்டாம் வருஷத்துச் சரித்திரப் புத்தகம். தென்னை நிழலில் துண்டை விரித்து மல்லாந்து படுத்தான்.

"கொஞ்சம் வாசி மக்கா, கேக்கட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

கைச் சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். புதுப் புத்தகத்தின் வாசனை. அது என் புத்தகம் இல்லை, இனி ஆகப்போவதும் இல்லை. வயிறு எரிய எரிய, வெயில் சாயும்வரை, ஒரு பக்கம்கூட விடாமல் வாசித்தேன்.