அது என் வேன் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளி திறந்த புதிதில், சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் உலு திராமில் நடந்தது இது. நான் அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகளைக் காலையில் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, மதியம் திரும்ப அழைத்து வருவேன். கணவர் போன பிறகு எனக்குச் சோறு போடுவது அந்த வேன்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கைப்பேசி ஓயாமல் அலறியது. சின்ன வீடியோ ஒன்று. ஓடுகிற மஞ்சள் வேனின் கதவு பாதி திறந்திருக்கிறது, ஒரு குழந்தை வெளியே எட்டிப் பார்க்கிறது. கீழே எங்கள் தாமான் பெயரைப் போட்டு, "இந்த அக்கா வேன்ல பிள்ளைங்கள அனுப்பாதீங்க" என்று எழுதியிருந்தது. பின் கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர் இருந்ததாம், அதனால் நான்தானாம். பள்ளி வேன் என்றால் மஞ்சள் அடிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வேல் ஒட்டாத தமிழர் வேன் ஒன்றை யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

அது என் வேன் இல்லை என்று பெற்றோர் குழுவில் எழுதினேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. அடுத்த பள்ளி நாளில் வாசல் வாசலாக ஹார்ன் அடித்தும் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஒரு வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கி என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் பிள்ளை பசி என்று அழுத நாளில் என் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தவள் நான். அன்று வேனிலேயே உட்கார்ந்து அழுதேன்.

போலீசில் புகார் கொடுத்தேன். இணையத்தில் பொய் பரப்புகிறவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது என்று அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார். சில நாட்களில் வீடியோ போட்டவரைக் கண்டுபிடித்து, எங்கள் இருவரையும் நிலையத்துக்கு வரச் சொன்னார். வீடியோ போட்டவர் எங்கள் தாமானின் கடைசி வரிசை வீட்டில் இருப்பவர், தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். ஹெல்மெட் கேமராவில் பதிவான முழு வீடியோ அவரிடம் இருந்தது. அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது வண்டி எண் தெரிந்தது. என்னுடையது இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. குழந்தை விழுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் போட்டுவிட்டேன் என்றார். எனக்கோ கோபத்தில் காது அடைத்தது.

பதிவை அங்கேயே நீக்கினார். ஊரார் கைப்பேசிகளில் இருப்பதை யார் நீக்குவது? வழக்கைத் தொடர்வது உங்கள் விருப்பம் என்றார் இன்ஸ்பெக்டர். தொடரத்தான் நினைத்தேன்.

"மன்னிப்பு கேட்டு ஒரு போஸ்ட் போடுறேன், அக்கா," என்றார் அவர்.

"அத யாரு லா படிப்பாங்க? ஒரு நாள் லீவு போட்டு என் வேன்ல ஏறுங்க. ஒவ்வொரு வீட்லயும் நீங்களே எறங்கி சொல்லுங்க," என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் வீட்டு வாசலில் இறங்கிக் கதவைத் தட்டினார். பிறகு மெல்ல, "வீடியோ போட்டது நான்தாங்க. அது இந்த அக்கா வேன் இல்ல. தப்பு என்னுது," என்றார். அந்த வீட்டு அப்பா மகனைப் பையை எடுத்து வரச் சொன்னார். இன்னொரு வீட்டில் திட்டித் தீர்த்தார்கள். தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டார். திரையை மூடியவள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் இருந்த கோபம் எனக்கு அத்தனை சீக்கிரம் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி வாசலுக்குப் போனபோது வேன் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. பிள்ளைகளை அவரே இறக்கிவிட்டு, கதவை மூடி, ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அன்றே நிலையத்துக்குப் போய், வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீடியோ இப்போதும் எங்காவது தலைகாட்டும். போன மாதம் புதிதாகக் குடிவந்த ஒருவர் அதைப் பெற்றோர் குழுவில் போட்டு, நம்ம வேனா என்று கேட்டிருந்தார். நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால், எனக்கு முன்பே பலர் பதில் எழுதியிருந்தார்கள். முதல் பதில் திரையை மூடியவளுடையது: "அது நம்ம அக்கா வேன் இல்ல."

உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது சட்டம்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மனிதர் இறங்கி நடந்தாரே, அதைத்தான் ஒவ்வொரு காலையும் அந்த வாசல்களில் ஹார்ன் அடிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.