நாலு சக்கரம் வைத்த தறி

நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் சடகோபன் மாமாவுக்கு அடக்கம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்; அது மற்றவர்களுக்கு இருக்க வேண்டிய குணம். மகள் கீர்த்திக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை அமைந்தது. "மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்களே கார் கொண்டாந்துடறோம், உங்களுக்கேன் சிரமம்?" என்றார் சம்பந்தி ஆதிகேசவன்.

அது மாமாவுக்குக் குத்திவிட்டது. "மாப்ளய நான் என் ஜீப்புல கூட்டிக்கினு வர்றேன்," என்றார். சொன்ன அன்று அவரிடம் ஜீப் இல்லை. அது ஒரு சின்னக் குறை.

சித்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பில், கோழிகள் குடியிருந்த பழைய ஜீப் ஒன்று கிடைத்தது. கோழிகளைக் காலி செய்து, லாரியில் ஏற்றி வந்து தறிக்கொட்டகை வாசலில் இறக்கினார். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றேன்.

"தறி ரிப்பேரு யாரு பாக்குறா? நான்தானே? ஜீப்பு இன்னா, நாலு சக்கரம் வச்ச தறி. கிராஜுவேட்டு, நீ ஸ்பேனர புடி."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், பி.காம்., முதல் வகுப்பு. ஸ்பேனரை நன்றாகவே பிடித்தேன்.

யூடியூபில் ஒருவர் இதேபோன்ற ஜீப்பைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். பேச்சு இந்தி. "கைய பாத்தா போதும்," என்று மாமா சத்தத்தை அணைத்தார். அந்த ஆள் பின்பக்க அச்சைக் கழுவுவதற்காகக் கவிழ்த்து வைத்திருந்தார். மாமா அதே கோலத்தில் தூக்கி மாட்டினார். வண்டியின் பின்பக்கம் ஒரு ஜாண் உயர்ந்து நின்றது.

"பாத்தியாடா கம்பீரத்த!"

இன்ஜின் ஒருநாள் உறுமியேவிட்டது. "ஓட்டித்தான் பாரேன்யா," என்றார் மனோரமா அத்தை.

"பூஜை போடாம சக்கரம் உருளக் கூடாது!" ஜோசியர் பூஜைக்குக் குறித்த நல்ல நேரமோ, மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை.

கொட்டகைக்கு எதிரிலேயே பிள்ளையார் கோயில், ஊர்வலம் அங்கிருந்துதான். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாப்பிள்ளை நிதின் மாலையோடு ஏறி உட்கார்ந்தார். வண்டிக்கு முன்னால் மேளக்காரர்கள், பின்னால் வரிசைத் தட்டுகளோடு சம்பந்தி வீட்டுப் பெண்கள். மாமா ஃபர்ஸ்ட் கியர் போட்டார்.

ஜீப் பின்னால் போனது.

"பாபோய்!" என்று பெண்கள் சிதறினார்கள். ஒரு தட்டு மைசூர்பாகு சாக்கடைக்குப் போனது. எலுமிச்சம்பழங்கள் முழுசாக இருந்தன. செகண்ட் போட்டார், இன்னும் உற்சாகமாகப் பின்னால் போனது. அச்சைத் தலைகீழாக மாட்டினால் எல்லா கியரும் எதிர்த்திசையில்தான் வேலை செய்யும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆதிகேசவன் போனை எடுத்தார். "டாக்ஸிக்குச் சொல்லிடட்டுமா சம்பந்தி?" ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"எறங்கி வாய்யா, மானம் போவுது," என்றார் அத்தை.

மாமா இறங்கவில்லை. மகள் வாழப்போகிற வீட்டார் மொத்தமும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

ஜீப் முன்னால் போனது. பழங்கள் நசுங்கின. ரிவர்ஸ் கியரில் வண்டி நடை வேகத்தைத் தாண்டாது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அதற்கு மேல் வேண்டியதில்லை. எல்லாம் திட்டமிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, மண்டபம் வரை ஓட்டினார்.

"மொதல்ல ஏன் பின்னால போனீங்க?" என்று மண்டபத்தில் கேட்டார் ஆதிகேசவன்.

"திருஷ்டி கழிக்கத்தான் சம்பந்தி. பின்னால போயி முன்னால வர்றது எங்க பக்கத்து வழக்கம். உங்க ஊர்ல இல்லியா?"

ஆதிகேசவன் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

அச்சு இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறது. போன மாதம் அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். புத்தம்புது வாடகைக் கார். எலுமிச்சம்பழத்தை நசுக்கும் முன் டிரைவர் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"பெரியவங்க சொன்னாங்க சார். உங்க பக்கத்து வழக்கமாமே?"