குங்குமம் பட்ட கட்டுத்துணி

மயிலாத்தாள் ஒருதரம் கேட்டுக் கிடைக்காவிட்டால் மறுதரம் கேட்கத் தெரியாத பிறவி. மங்கலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த நாளாகத் திருப்பூரில் ரத்தினசாமியின் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறாள். புருஷன் சென்னிமலையும் அங்கேதான், துணி பின்னும் மிஷினில். அந்தப் பாழாய்ப்போன மிஷின் அவன் வலது கையைப் பிடித்து இழுத்துவிட்டது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துக் கட்டியும் கை வீங்கிக் காய்ச்சல் ஏறிற்று. அந்தக் கை போனால் அடுப்பு எப்படி எரியும்? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மார்கழியில்தான் ஊரெல்லாம் கொய்னா பேச்சு. மராட்டியத்தில் அந்தக் கொய்னாப் பக்கம் பூமி அதிர்ந்து வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டனவாம். முதலாளி மனசு இளகினவர், பொய் சொல்லக்கூடாது. காயத்துக்குக் கட்ட, வெளுத்த பனியன் துணியைச் சுருட்டி அனுப்ப ஏற்பாடு செய்தார். பெண்கள் கூலி வாங்காமல் சுருட்டினார்கள். மயிலாத்தாளும்தான்.

லாரி கிளம்பும் நாளன்று, கூடவே போவதற்கு டாக்டர் ஞானாம்பாள் வந்து நின்றார். நம்மூரில் எந்தச் சரக்காவது பொட்டு வைக்காமல் கிளம்புமா? முதலாளி மஞ்சளையும் குங்குமத்தையும் தண்ணீரில் குழைத்து முதல் மூட்டையில் அள்ளி அப்பினார். சாயம் உள்துணி வரைக்கும் இறங்கிவிட்டது.

"ஐயோ, புண்ணுல வெக்கிற துணிங்க இது! இந்த மூட்டை வேண்டாம்" என்றார் டாக்டர்.

ஒதுக்கிப் போட்ட மூட்டையருகே மயிலாத்தாள் தயங்கித் தயங்கி வந்தாள். "ஏனுங்கம்மா, இதுல ரெண்டு சுருள் எடுத்துக்கட்டுங்களா? எங்கூட்டுக்காரருக்குக் கையில கட்டோணும்ங்க."

"கைக்கு என்னாச்சு?"

சொன்னாள். டாக்டர் லாரியை நிற்கச் சொல்லிவிட்டு, மருந்துப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு நடந்தார். முதலாளியும் பின்னாலேயே போனார்.

கட்டைப் பிரித்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தார். "கை தப்பிச்சுரும். ஆனா ரெண்டு விரலை எடுத்துத்தான் ஆகோணும். அன்னிக்கே காட்டியிருந்தா முழுக்கையும் நின்னிருக்குமே! இத்தனை நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

மயிலாத்தாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"மொதலாளிகிட்டக் கேட்டனுங்க. அங்க சனம் சாகுது, மூட்டையெல்லாம் போகட்டும், அப்பறம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னாருங்க. எனக்கும் அது ஞாயமாத்தானுங்க பட்டுது. அவங்களுக்கு ஊடு வாசலே உழுந்துபோச்சு, எங்களுக்கு வெறும் விரல்தானுங்களே."